பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறீர்களா?

கையில் பணம் குறைவு, ஆனால் நல்ல ஒலி வேண்டும் என்றால், புதிய மலிவுப் பெட்டியைவிட யமஹா, டெனான், மராண்ட்ஸ் போன்றவற்றின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே மேல் என்பேன். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானில் விற்பனைக்கு வந்தது என்றால் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் போச்சு! வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் பிஎம்பிஓ வாட் கணக்கை நம்பவே வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், 30, 40 இருந்தால் வீட்டு அறைக்குத் தாராளம்.

ஸ்பீக்கரை மாட்டும் முன், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் டிசி (நேர் மின்) வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் வாங்காதீர்கள், ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும்.

அப்புறம் அரை மணி நேரமாவது பாட்டு ஓடட்டும். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்றால் பயம் வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்கலாம். வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் பவர் சப்ளை கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம்; மாற்றும் செலவை விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.