கடல் கடந்த கொங்கு மூதாதையரைத் தேடும் முறை

கொங்கு நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரிசியசுக்கும் பிஜிக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கூலி வேலைக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தம் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். இங்கே தங்கிவிட்ட பங்காளிகளோ, பாட்டனாரின் தம்பி ஒருவர் கப்பலேறினார் என்ற ஒற்றைச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். இரு தரப்பினரும் தேடலை ஊரிலிருந்து தொடங்காமல், அவர் போய் இறங்கிய நாட்டின் ஆவணங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. சொந்தக் காடு (விளைநிலம்) இல்லாத ஒரு பண்ணையாளைப் பற்றி ஊர்க்கணக்கில் ஒரு வரிகூட இருக்காது; கப்பலேறிய நாளில்தான் அவருடைய பெயர் பெரும்பாலும் முதன்முறையாகத் தாளில் ஏறியது.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைத் தேடுவது ஓரளவு எளிது. நேட்டாலுக்கு முதல் கப்பலான ‘துரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866இல் நின்றுபோன குடியேற்றம் 1874இல் மீண்டும் தொடங்கி, 1911 வரை நடந்தது. கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களை வாட்டிய 1876–78 பஞ்சம் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் ஆகியவற்றைக் கப்பல்வாரியாக எழுதி வைத்தார்கள். அப்படி எண் பெற்றவர்கள் சுமார் 1,52,000 பேர். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் தேடும்படி செய்திருக்கிறது. பெயரைக் கொண்டு தேடுவதைவிட எண்ணைக் கொண்டு தேடுவது பல மடங்கு உறுதியானது. எனவே குடும்பத்தில் எஞ்சியிருக்கும் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளை முதலில் திரட்டி, அவற்றில் அந்த எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொரிசியசுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தையும், பிஜிக்கு சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுக வேண்டும். பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் போனது 1903 முதல் 1916 வரை மட்டுமே என்பதால், அந்த வழியில் தேடுகிறவர்களுக்குக் காலம் தானாகவே சுருங்கிவிடுகிறது.

பட்டியலில் ஊர்ப்பெயர் கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். அதை மௌனமாகப் படிக்காமல், வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ல, ள, ழ ஆகியவற்றுக்கும் ட, த ஆகியவற்றுக்கும் உள்ள வேறுபாடு அங்கே காணாமல் போயிருக்கும். அதோடு, புதுப்பாளையம், காட்டுப்பாளையம், நல்லூர், புதூர் போன்ற பெயர்கள் தாலுகாவுக்குத் தாலுகா உண்டு, வலசு என்னும் சிற்றூர்களும் அப்படியே. ஆகவே கிராமப் பெயரைவிடத் தாலுகாவின் பெயரையே நான் முதன்மையான சான்றாகக் கொள்வேன். அதையும் அந்தக் காலத்து எல்லையில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஈரோடு, பவானி, தாராபுரம் எல்லாம் அன்று கோயமுத்தூர் ஜில்லா, கரூர் 1910 வரை கோயமுத்தூரைச் சேர்ந்தது, திருச்செங்கோடு சேலத்தைச் சேர்ந்தது, 1956இல் மைசூருக்குப் போன கொள்ளேகாலமும் அன்று கோயமுத்தூர்தான். 1979இல் பிறந்த ஈரோடு மாவட்டத்தையோ 2009இல் பிறந்த திருப்பூர் மாவட்டத்தையோ பழைய ஆவணத்தில் தேடினால் எதுவும் அகப்படாது.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் பெரும்பாலோர் கங்காணிகள் என்னும் ஆள்திரட்டும் மேஸ்திரிகளின் வழியாகப் போனார்கள். அவர்களுக்கு நேட்டாலைப் போன்ற கப்பல் பட்டியலை எதிர்பார்க்க முடியாது. சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் மிகுதி. அங்கே தோட்டத்தின் பெயரே திறவுகோல். ஆனால் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றாகவும் பதிவேட்டில் உள்ள பெயர் வேறாகவும் இருந்தது வழக்கம் என்பதால், இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு தோட்டத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும், 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் குடும்பத்தார் கொடுத்த விண்ணப்பத்தையும் தேடுங்கள். 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி, இலங்கையில் குடியுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியமர்ந்தார்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ அத்தகைய உறவினர் இருந்தால், அவர்கள் கொண்டுவந்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் எந்தக் காப்பகத்தையும்விட விரைவாக வழிகாட்டும்.

தாள்கள் தீர்ந்த இடத்தில் வீட்டு வழக்கம் உதவும். அண்ணமார் சாமிக்குப் படையல் வைத்தோம், ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம் என்று குடும்பம் நினைவில் வைத்திருந்தால், அது கொங்குப் பக்கத்தைக் காட்டும் வலுவான குறிப்பு. அப்பாரு (தந்தையின் தந்தை), அப்பிச்சி (தாயின் தந்தை), அம்மாயி (தாயின் தாய்) என்ற உறவுமுறைகள் நான்கு தலைமுறைக்குப் பிறகும் அந்த வீட்டில் வழங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் குடும்பப் பெயராகிவிட்ட சாதிப் பட்டத்தை மட்டும் நம்பி இன்ன கூட்டம் (குலப்பிரிவு), இன்ன கோயில் என்று முடிவுகட்ட வேண்டாம். அது எழுத்தரின் வசதிக்கு இடப்பட்டதாகவும் இருக்கலாம்.

ஊருக்குப் போகும்போது பட்டியலின் அச்சுப்படியையும் பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றைய பதிவேடு இருக்கும். ஆனால் 1980இல் நீக்கப்பட்ட மணியகாரர், கணக்குப்பிள்ளை பதவிகளில் இருந்த குடும்பங்களின் முதியவர்கள் எந்தக் குடி எந்த வளவில் (வீட்டுத் தொகுதியில்) இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள். கோயிலுக்கு வரி கொடுக்கும் குடிகளின் பெயர்கள் குலதெய்வக் கோயில் பூசாரிக்குத் தெரியும். கிறித்தவக் குடும்பமாயின் கோயமுத்தூர், கருமத்தம்பட்டி போன்ற பழைய திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் கேட்கலாம். யாரிடம் பேசினாலும், சொத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். பூமியின் விலை ஏறியிருக்கும் இந்நாளில், தொலைவிலிருந்து வரும் பங்காளியைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அந்த அச்சம் நீங்காமல் யாரும் மனம்திறந்து பேச மாட்டார்கள்.

பெண்களைத் தேடுவதைத் தனி வேலையாகக் கொள்ளுங்கள். கணவரின் ஊர் கிடைத்ததால் மனைவியின் ஊரும் கிடைத்ததாகாது. தனியே கப்பலேறிய பெண்களும், இறங்கிய பிறகு அங்கேயே மணம் செய்துகொண்டவர்களும் உண்டு; அவர்களுடைய எண்ணும் தந்தை பெயரும் ஊரும் தனி வரியில் இருக்கும். அந்த வரியைப் பிடித்து, மேலே சொன்ன படிகள் எல்லாவற்றையும் அவருக்காக மீண்டும் ஒருமுறை தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.