கடற்பாலத்தில் குடும்பத்தோடு தூண்டில் போட்டி

பதிவு செய்யும்போதே மீனை எப்படி அளப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்: வால் நுனி வரையா, வாலின் பிளவு வரையா? தகராறெல்லாம் இதில்தான் வரும்.

சிறுவர்களுக்கு 6 அடிக் கோல், 4 கிலோ தாங்கும் நரம்பு (தூண்டில் இழை), 6 அல்லது 8ஆம் எண் சின்ன முள் போதும். முள் பெரிதானால் சின்ன மீன் இரையை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடும். ஈயக்குண்டு நரம்பின் நுனியில். முள் அதற்கு ஒரு சாண் மேலே, தனிக் கிளை நரம்பில். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடேறி, மீன் இழுக்கும்போது அங்கேயே அறுந்துவிடும்.

தூர வீச வேண்டாம். தூண்களில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் மேய மீன் பாலத்துக்கு அடியிலேயே வரும், நேராக இறக்குங்கள். கூட்டத்தில் தலைக்கு மேல் வீசினால் பக்கத்து ஆளின் காதில்தான் முள் மாட்டும். பெரிய மீனை நரம்போடு தூக்காமல், கயிறு கட்டிய கைவலையை இறக்கி அள்ளுங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம்.