வாசல் சரிவு காட்டிக்கொடுத்த கோளாறு

என்னுடையது 1994 மாடல் டீசல் ஜீப். காலையில் பத்துப் பதினைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும். பேட்டரி, ஹீட்டர் பிளக், டீசல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. பலனில்லை. மெக்கானிக் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப்பைக் கழற்றச் சொன்னார்; நல்லவேளை, கையில் காசில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். வாசல் சரிவில் முன்பக்கம் தாழ நிறுத்திய நாளில் மட்டும் ஒரே அடியில் கிளம்பியது. டேங்க் பின்னால் இருக்கிறது; முன்பக்கம் தாழ்ந்தால் டேங்க் மேலே நிற்கும், டீசல் பின்னோக்கி இறங்காது. அப்படியென்றால் எங்கோ காற்று நுழைந்து, ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்புகிறது. ஆனால் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. உறிஞ்சும் பக்கத்துக் குழாய் டீசலை ஒழுகவிடாது, காற்றைத்தான் இழுக்கும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு முன்னால், உள்ளே ஓடுவது தெரிகிற டியூப் ஒரு முழம் மாட்டிப் பார்த்தால், பொடிப்பொடியாகக் குமிழ்கள்! டேங்க் பக்கம், கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு. புதுக் குழாய் போட்டு, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினேன் (ஏர் எடுத்தேன்). இப்போது எப்படி நிறுத்தினாலும் ஒரே அடிதான்.