சங்கக் கூட்டங்களில் தொடர்புகளை வளர்க்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தொழில்முறைச் சங்கத்தில் புதிய உறுப்பினர்களை வரவேற்பது என் பொறுப்பு. நாங்கள் புதிதில் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. நேரத்துக்கு வருவது, செல்போனை உள்ளே வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தெரிந்தவர்களோடே நிற்பது

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்கிராமும் மைக்கேல் மோரிஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்களைச் சந்திக்க விரும்பி வந்த நிர்வாகிகள்கூட ஏற்கெனவே பழகியவர்களிடம்தான் அதிகம் போய்ப் பேசினார்கள். அலுவலக நண்பரோடு வந்தால் வாசலிலேயே பிரிந்துவிடுங்கள்.

முதல் பேச்சிலேயே வேலை கேட்பது

வேண்டாம்.

"அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பாதது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. துறையில் நல்ல பெயருள்ள மூத்த பொறியாளர் ஒருவரிடம் ஓர் இளைஞரை அறிமுகப்படுத்தினேன். இடைவேளை முழுக்கப் பேசினார்கள். தன் சோதனை முடிவுகளை மறுநாளே அனுப்புவதாக இளைஞர் சொன்னார். சில மாதம் கழித்து அந்த மூத்தவர், "அந்தத் தம்பி அனுப்பவே இல்லையே, எங்கள் குழுவில் சேர்க்க நினைத்திருந்தேன்" என்றார். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். இளைஞரைக் கேட்டால், "இன்னும் நன்றாக எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன் சார்" என்றார். நாள் போனதும் அனுப்பக் கூச்சமாகிவிட்டதாம்.

ஒரே ஒரு முறை பார்த்தவர்தானே என்று விடாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினருக்கே அடிக்கடி சந்திப்பவர் உதவியிருந்தார். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவர்கள். அப்படிப்பட்டவருக்கு உங்களைப் பற்றி வேறெதுவும் தெரியாது. நீங்கள் கொடுத்த வாக்கை வைத்துத்தான் எடை போடுவார்.

எனவே, சொன்னதை அவருடைய விசிட்டிங் கார்டின் பின்புறமே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்குள், இருக்கிற நிலையிலேயே அனுப்புங்கள். எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், கேட்டது இதோ. நாலு வரி போதும், கூடவே புதிதாக உதவி எதுவும் கேட்க வேண்டாம். தாமதமாகிவிட்டதா? சரி, ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டு இப்போதாவது அனுப்புங்கள். முடியாது என்று தோன்றினால் அங்கேயே சொல்லிவிடுவது மேல்.

பேச்சாளரையே சுற்றி வருவது

அவரிடம் ஏற்கெனவே வரிசை நிற்கிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுங்கள்.

முடிந்ததும் ஓடுவது

நாற்காலி அடுக்க எப்போதும் ஆள் குறைவு. கூட நின்று உதவுங்கள். சங்கப் பொறுப்பாளர்கள் அவசரமில்லாமல் பேசுவது அந்த நேரத்தில்தான்.