கொடைக்கானலில் குடும்பத்தோடு தங்க வீடு பிடிக்கும்போது

பத்துப் பேர் போகிறீர்கள் என்றால் நான்கு ஹோட்டல் அறைகளைவிட ஒரு முழு காட்டேஜ்தான் வசதி. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கலாம், ராத்திரி எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காரலாம். ஆனால் விளம்பரப் படத்தில் தெரியும் பள்ளத்தாக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாதி நாள் அது மூடுபனியில்தான் இருக்கும். பணம் அனுப்புமுன் வெந்நீர், தண்ணீர், பாதை மூன்றையும் விசாரியுங்கள்.

முதலில் வெந்நீர். “கீசர் இருக்கா?” என்று கேட்டால் எல்லா வீட்டுக்காரரும் “இருக்கு” என்றுதான் சொல்வார்கள். எத்தனை லிட்டர், எத்தனை குளியலறையில் என்று கேளுங்கள். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த நீரை அங்கத்திய குளிர்ந்த நீரோடு கலந்தால் குளிக்கும் பதத்தில் 27 லிட்டர் தேறும், அதாவது ஒன்றரை வாளி; ஒருவர் குளிக்கத்தான் காணும். 2 கிலோவாட் கீசர் அந்த 15 லிட்டரைக் காய்ச்ச 25 நிமிடம் ஆகும். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 40 நிமிடம். இரண்டே குளியலறையில் பத்துப் பேர் குளித்துக் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்குமேல் பிடிக்கும்; மூன்றாவது குளியலறை உள்ள வீட்டுக்குக் கூடுதல் வாடகை கொடுப்பதில் தப்பில்லை. சோலார் ஹீட்டர் மட்டும் என்றால் மழை, மூடுபனி நாட்களில் நம்ப முடியாது. கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்து ஜன்னலும் இல்லையென்றால் அந்த வீடே வேண்டாம். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும், அதற்கு வாசனையும் கிடையாது. அதே காரணத்தால், குளிர் என்று கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது.

ஏப்ரல், மே மாதங்களில் பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். தொட்டி எத்தனை லிட்டர், லாரிக் காசு யார் தலையில் என்று முன்பே பேசிவிடுங்கள்.

பாதைக்கு வருவோம். வில்பட்டி, பள்ளங்கி, வட்டக்கானல் பக்கம் கடைசி அரைக் கிலோமீட்டர் செங்குத்தாகவோ குறுகலாகவோ இருக்கலாம். அந்தத் தூரத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெம்போ டிராவலர் திரும்ப இடமில்லை என்றால் பெட்டிகளையும் பாட்டியையும் ஜீப்பில்தான் ஏற்ற வேண்டிவரும். வாசலிலிருந்து எத்தனை படி, கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, டிரைவருக்குப் படுக்க அறை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். மலைச்சாலையில் ஓட்டுகிறவர் வண்டிக்குள் சுருண்டு படுத்தால் மறுநாள் உங்களுக்குத்தான் ஆபத்து.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் போக இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். விதி மாறிக்கொண்டே இருப்பதால் தேதி முடிவானதும் அரசு தளத்தில் பார்த்து, பாஸ் கிடைத்த பிறகு அட்வான்ஸ் போடுங்கள்.

அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பணம் போடுமுன் வீடியோ காலில் வீட்டுக்குள் நடந்து காட்டச் சொல்லுங்கள்; யுபிஐயில் வரும் பெயர் பேசியவரின் பெயரோ, அவர் சொன்ன நிறுவனத்தின் பெயரோ என்று பாருங்கள். “முழுப் பணமும் இப்பவே, இன்னொரு பார்ட்டி காத்திருக்காங்க” என்றால் விலகிவிடுங்கள். பணம் திரும்பப் பெற யுபிஐ ‘பின்’ (PIN) நம்பரைப் போடச் சொன்னால் அது மோசடியேதான். அனுமதியில்லாத கட்டடங்களுக்குச் சீல் வைப்பது அங்கே நடப்பதுதான், ஆகவே உரிமத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். செய்வாரா என்று முன்பே உறுதி செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்க வேண்டியவை: மொத்த வாடகை, எத்தனை பேருக்கு, எத்தனை வயதுவரை குழந்தைக் கணக்கு, எக்ஸ்ட்ரா மெத்தை, சிலிண்டர், விறகு இவற்றுக்குத் தனிக் காசா, காலி செய்யும் நேரம், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும்.

சமையலுக்குக் குக்கரைக் கையோடு கொண்டுபோங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கரிலும் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

போய் இறங்கியதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். கீசர்களைப் போட்டு, குழாய்களைத் திறந்து, கம்பளிகளை எண்ணி முகர்ந்து பாருங்கள். ஈர வாடை அடித்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், இரவு ஒன்பதுக்கு மேல் கேர்டேக்கரைப் பிடிக்க முடியாது. சுவரில் கறை, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள். குரங்குகள் இருப்பதால் சமையலறை ஜன்னலைத் திறந்துபோட்டு வெளியே போகக் கூடாது. இருட்டிய பிறகு காட்டெருமை முற்றம்வரை வரும். பார்க்கச் சாதுவாய்த் தெரிந்தாலும் படம் எடுக்க இறங்காதீர்கள்.