பயறு உளுத்துப்போவது டப்பாவின் குற்றமில்லை

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். பெங்களூரில் வேலை, தனியாக வீடு எடுத்து நான்கு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து கொண்டுபோன ஐந்து கிலோ பச்சைப்பயறில் வண்டு. “டப்பாவை நல்லா இறுக்கித்தானே மூடினேன் அத்தை, இது எப்படி உள்ள போச்சு?” என்று கேட்டாள். போட்டோவில் பார்த்தேன். பயறு முழுக்கக் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். கல்யாணமான முதல் வருஷம் நான் செய்த அதே தவறு.

கல் பொறுக்குவது, கழுவுவது எல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடிக்கடி நடந்தும் யாரும் கவனிக்காத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பழையதன் மேல் புதியதைக் கொட்டுவது

எங்கள் ஊர் தர்மபுரி பக்கம். தை, மாசியில் துவரை, அவரை, தட்டைப்பயறு எல்லாம் களத்துக்கு வரும். அந்த வருஷம் அம்மா பன்னிரண்டு கிலோ தட்டைப்பயறு கொடுத்தனுப்பினார். வெயிலில் நின்று நெற்று பறித்து, காயவைத்து, தடியால் அடித்து, முறத்தில் புடைத்து எடுத்த பயறு. எங்கள் வாடகை வீட்டில் ஒரு பெரிய தகர டின் இருந்தது. அதன் அடியில் முந்தின வருஷத்துப் பயறு இரண்டு கைப்பிடி கிடந்தது. அதை எடுக்காமல் புதியதை அப்படியே மேலே கொட்டி மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மூடியின் உட்புறமெல்லாம் வண்டு ஊர்கிறது. கையில் அள்ளினால் பயறுக்குக் கனமே இல்லை. கொஞ்சம் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது, மீதி குப்பைக்குப் போனது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் யாராவது பழைய டப்பாவில் புதுப் பயறைச் சாய்ப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, கையைப் பிடித்து நிறுத்திவிடுவேன்.

நடப்பது இதுதான். பயறு வண்டு பயறின் மேல்தோலில் முட்டையை ஒட்டவைக்கிறது. உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியே தலைகாட்டாது. முட்டைக்கு அடியிலேயே துளைத்துக்கொண்டு நேராகப் பயறுக்குள் போய்விடும். உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாக மாறிய பிறகுதான் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். நம்மூர்ச் சூட்டில் இதற்கெல்லாம் மூன்று நான்கு வாரம் போதும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரைகூட இடும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதே இல்லை. முட்டையிட்டுவிட்டுச் சில நாளில் செத்துவிடும். அதாவது ஓட்டை நம் கண்ணில் படும்போது அந்தப் பயறு ஏற்கெனவே போய்விட்டது, அடுத்த தலைமுறை பக்கத்துப் பயறுகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டு வயல்காட்டிலேயே, நெற்றின் மேலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். பழையது ஒரு பயறுகூட இல்லாத புது டப்பாவிலும் வண்டு வருவது இதனால்தான். வெளியிலிருந்து வருவதைத்தான் மூடி தடுக்கும், பயறோடு உள்ளே வந்ததை அது என்ன செய்யும்? வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் அப்படித்தான். வெளி வண்டை ஓரளவு விரட்டலாம், பயறுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வெயிலில் கொட்டியதும் வண்டு ஓடுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், புழு ஓடவில்லை.

நான் இப்போது செய்வது: டின்னைக் காலி செய்து, கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைப்பேன். பழைய பயறைத் தனியாக எடுத்து முதலில் தீர்ப்பேன். புதியதைக் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மூடி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் வைப்பேன். திறந்த வெயிலைவிட அதற்குள் சூடு ஏறும், புழுவும் சாகும். அப்புறம் ஆறவிட்டு, கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பேன். தோலில் எண்ணெய் படிந்தால் முட்டை பொரிக்காது. எங்கள் ஊரில் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார்கள். மண் பூசிய பயறை வண்டு அவ்வளவாக நெருங்குவதில்லை.

மொட்டைமாடி இல்லாதவர்களுக்கு ஃபிரீசர் இருக்கிறது. கிலோ கிலோவாகப் பாக்கெட் கட்டி ஒரு வாரம் உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்கப் போன பிறகு பிரித்தால்தான் பயறில் ஈரம் படியாது. அண்ணன் மகளுக்கு இதைத்தான் சொன்னேன்.

உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு. முழுப் பயறைத்தான் கண்காணிக்க வேண்டும்.

சூட்டோடு மூடுவது

வெயிலில் காய்ந்ததை அப்படியே அள்ளி அடைத்தால் உள்ளே வேர்க்கும், பூஞ்சை பிடிக்கும். நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். பல் பதிந்தால் இன்னும் காயவில்லை.

வேகவில்லை என்று விசிலைக் கூட்டிக்கொண்டே போவது

பத்து விசில் விட்டும் கொண்டைக்கடலை கல்லாக இருந்தால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள். சூடும் ஈரமுமான இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு அப்படி இறுகிவிடும். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தால் அதுதான் நடக்கும். வேகவைக்கிற தண்ணீரும் ஒரு காரணம். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பயறை மெதுவாகவே மிருதுவாக விடும். குடிக்கிற தண்ணீரில் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உப்புப் போட்டால் வேகாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு போடுங்கள். தோல் இளகி, கடலை சீராக வேகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள்.

உண்மையில் வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

ஆப்பசோடா

சீக்கிரம் வேகும், ஆனால் பயறிலுள்ள பி1 சத்து குறைந்துவிடும். வேண்டாம்.

ராஜ்மாவை அரைவேக்காட்டில் இறக்குவது

பச்சைப்பயறு, துவரை போன்றவை சரியாக வேகாவிட்டால் பெரும்பாலும் வயிறு மந்தமாகும். ராஜ்மா அப்படியல்ல. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு, சரியாக வேகாமல் ஒரு சில விதை தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவந்துவிடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதி வந்த பிறகு பத்து நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. அதற்குப் பிறகும் விரலில் நசுங்கும்வரை வேக வேண்டும். கொதிநிலைக்கே போகாமல் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் பச்சையாகப் போடவே போடாதீர்கள், அந்தச் சூட்டில் நச்சு அழியாது. நான் குக்கரில்தான் வேகவைக்கிறேன்.

குக்கரை நிறைப்பது

பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. நுரை பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும்.

ஊறவைத்து மறப்பது

சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.