இலத்தீனும் பிரெஞ்சும் படிக்க விரும்பும் செட்டிநாட்டு மாணவர்க்கு

பல்கலைக்கழகத்தில் இலத்தீனையும் ஓர் இக்கால ஐரோப்பிய மொழியையும் சேர்த்துப் படிக்க விரும்புவோர், முதலில் பள்ளித் தமிழ் இலக்கணத்தின் வேற்றுமைப் பகுதியை மீண்டும் ஊன்றிப் படிக்க வேண்டும். தமிழில் வேற்றுமை எட்டு. இலத்தீனில் பொதுவாக ஆறு. நீரைக் குறிக்கும் 'அக்வா', 'நீரை' என்னும் பொருளில் 'அக்வாம்' ஆகிறது. நம் 'ஐ' உருபின் வேலையை அங்கே ஈற்று மகரம் செய்கிறது. வினை பெரும்பாலும் இறுதியில் வருவதும் நமக்குப் பழக்கமானதே. ஆயினும் பெயர்ச்சொற்கள் ஐந்து வகையாகப் பிரிந்து, வகைதோறும் ஈறு மாறுவதால், நாள்தோறும் ஒரு வாய்பாட்டை உரக்கச் சொல்லி, பின்னர்ப் பார்க்காமல் எழுதிப் பழக வேண்டும்; இதற்குக் குறுக்குவழி இல்லை.

இக்கால மொழியாகப் பிரெஞ்சையே பரிந்துரைப்பேன். அது இலத்தீனிலிருந்து பிறந்தது. 'அக்வா' தேய்ந்துதான் பிரெஞ்சில் 'ஓ' ஆயிற்று. நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, சென்ற வியட்நாமின் சைகோனிலும் அன்று பிரெஞ்சு ஆட்சியே நடந்தது என்பதால், வீட்டுப் பெட்டகத்தில் அக்காலத்து ஆவணம் ஏதேனும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பண்பாட்டுப் பாடத்திற்கு அதைவிட நல்ல ஆய்வுப்பொருள் கிடைப்பது அரிது.

டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சில் இளங்கலை படிக்கலாம். இலத்தீனையும் இணைத்த பட்டத்திற்கு ஆக்ஸ்போர்டு போன்ற இடங்களை நாட வேண்டும். பள்ளியில் இலத்தீன் படிக்காதவரையும் சேர்க்கும் பிரிவா என்பதை விண்ணப்பிக்குமுன் உறுதிசெய்யுங்கள்.

ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தைப் படிக்கத் தொடங்குங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால், மொழியில் மட்டும் கவனம் செலுத்த இயலும்.